பழைய போர் விமானங்களும் பழுது பார்த்தலின் அறமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தபோது, "கவிதையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள், நீங்கள் வேறு ஏதேனும் பேசுங்கள்" என்று ஓர் உரிமையையும் வழங்கினார். அவ்வுரிமையின் பேரில், இரண்டாம் உலகப் போரில் பறந்து இன்றும் எஞ்சியிருக்கும் விமானங்களைப் பழுது பார்த்து, மீண்டும் வானில் ஏற்றும் பணியைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். இலக்கிய மேடைக்கு இப்பொருள் அயலானது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் அப்பணியில் ஈடுபட்டோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா, ஏடு பார்த்தவர்களும் பதிப்பாசிரியர்களும் எதிர்கொண்ட வினாவே ஆகும். சிதைந்துபோன பழம்பொருள் ஒன்றைப் பொய் சொல்லாமல் புதுப்பிக்க இயலுமா என்பதே அவ்வினா. விமானத்தைப் பொறுத்தவரை அதற்கு விடை தவறினால் மனிதர்கள் சாகிறார்கள். ஆகவே அங்கே அந்த வினா நம்மிடத்தில் இருப்பதைக் காட்டிலும் கூர்மையாக நிற்கிறது.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு விமானத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் எண் ஆர் 4118. ஹரிக்கேன் என்னும் ஓர் இருக்கைச் சண்டை விமானம் அது. 1940-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கிலாந்தின் வான்வெளியில் நடைபெற்ற பெரும் போரில் ஸ்பிட்ஃபயர் விமானமே புகழ் பெற்றது. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்து நின்றதும், பகைவரின் விமானங்களை மிகுதியாக வீழ்த்தியதும் ஹரிக்கேன்தான். ஆர் 4118 அப்போரில் 605-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது. லண்டனுக்குத் தெற்கே உள்ள க்ராய்டன் தளத்திலிருந்து 49 முறை போருக்கு எழுந்தது. பகைவரின் ஐந்து விமானங்களை வீழ்த்தியதில் அதற்குப் பங்கு உண்டு.

போர்முனையில் அதன் காலம் முடிந்தபின், 1943-ஆம் ஆண்டு இறுதியில் அதைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளில் பர்மாப் போர்முனையில் நம் நாட்டு விமானிகளும் ஹரிக்கேன்களை ஓட்டிப் போரிட்டார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஆர் 4118 இங்கே போருக்குப் போகவில்லை. பயிற்சிக்குரிய பொருளாகவே வைக்கப்பட்டது. 1947-இல் அது காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டது. பொறியியல் மாணவர்கள் பார்த்துக் கற்கும் பாடப்பொருளாக அது அங்கே நின்றது. பின்னர் அந்தப் பயனும் ஒழிந்து, திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது.

1982-இல் பீட்டர் வாச்சர் என்னும் ஆங்கிலேயர் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியாவுக்கு வந்தார். வந்த இடத்தில் இவ்விமானத்தைக் கண்டார். ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினும் அதே ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் செய்ததுதான் என்பதால், தேடியதற்கு உறவான ஒன்றையே அவர் கண்டார் என்றும் சொல்லலாம். அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல ஒப்புதல் பெறுவதற்கு அவர் 2001-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அது மீண்டும் பறந்தது. இருபது வயதில் அதை ஓட்டிய பாப் ஃபாஸ்டர், முதுமையில் அது மீண்டும் பறப்பதைக் கண்டார்.

அவையோரே, இக்கதையில் என்னைக் கவர்ந்தது அதன் முடிவன்று. இடையிலே கிடந்த காலம்தான். போர் முடிந்தபின் இங்கிலாந்தில் தங்கிய ஹரிக்கேன்களுள் மிகப் பெரும்பாலானவை உலோகத்துக்காக உடைத்து உருக்கப்பட்டன. 14,000-க்கும் மேற்பட்டு உருவாக்கப்பட்ட அவ்வினத்தில் இன்று பறப்பவை மிகச் சிலவே. காசியில் கிடந்தது எஞ்சியதற்குக் காரணம் எவரும் அதைப் போற்றியதன்று. எவரும் அதைத் தொடவில்லை என்பதே. தொடப்படாமையால் அதன் பல உறுப்புகள் 1940-இல் இருந்தவாறே இருந்தன. வீட்டுப் பரணில் எவர் கண்ணுக்கும் படாமல் கிடந்த ஏட்டுக்கட்டுகள் சில நமக்குக் கிடைத்ததும் இவ்வாறுதானே?

இனி, பழுது பார்த்தல் என்றால் என்ன செய்கிறார்கள் என்பதைச் சற்று விளக்கமாகக் கூற வேண்டும். ஹரிக்கேனின் உடல் முழுவதும் உலோகத் தகட்டால் ஆனதன்று. எஃகுக் குழாய்களை இணைத்த எலும்புக்கூடு. அதன்மேல் மரச் சட்டங்கள். பின்பகுதியில் அச்சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. அத்துணியின்மீது ஒருவகை மெருகுப் பூச்சைப் பலமுறை பூசுவார்கள். பூச்சு உலர உலரத் துணி சுருங்கிப் பறைத்தோல் போல் விறைத்து நிற்கும். இத்தகைய வேலையைச் செய்ய உலோகக் கொல்லரும் தச்சரும் துணி தைப்போரும் ஒரே கொட்டகையில் கூட வேண்டும்.

இறக்கைகள் பொருந்தும் நடுப்பகுதியில் உள்ள முதன்மைத் தாங்கிகள் இன்னும் அரியவை. எஃகுத் தகட்டைப் பல பட்டைகள் கொண்ட குழாயாக உருட்டி, ஒன்றினுள் ஒன்றைச் செருகி, அக்காலத் தொழிற்சாலையில் அவற்றைச் செய்தார்கள். போர் முடிந்ததும் அவ்வுருளைகளும் கருவிகளும் மறைந்தன. அவற்றை இயக்கிய கைகளும் ஓய்ந்தன. வரைபடம் ஓரளவு இருந்தது, செய்முறை இல்லை. சஃபோக் மாவட்டத்தில் ஹரிக்கேன்களைப் புதுப்பிக்கும் பட்டறையினர் அச்செய்முறையை மீண்டும் கண்டறிந்த பின்னரே இவ்வினம் வானேறுவது எளிதாயிற்று. யாப்பிலக்கண நூல் கையிலிருந்தும் ஓசை தெரிந்த ஆசிரியர் இல்லாத நிலையை இங்கே எண்ணிப் பாருங்கள். நூல் சொல்லாமல் விட்ட ஒன்று கைவினைஞனின் விரலில் இருந்திருக்கிறது.

எஞ்சினும் அவ்வாறே. மெர்லின் என்பது சிறு வல்லூறு ஒன்றின் பெயர். வேட்டைப் பறவைகளின் பெயர்களைத் தம் எஞ்சின்களுக்குச் சூட்டுவது அக்காலத்தில் அந்நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது. பன்னிரண்டு உருளைகள், 27 லிட்டர் கொள்ளளவு. போர்க் காலத்திலும் அதை ஒட்டியும் ஏறத்தாழ 1,50,000 மெர்லின்கள் செய்யப்பட்டன. எண்ணிக்கை அவ்வளவு இருந்தமையால்தான் இன்றும் உறுப்புகள் கிடைக்கின்றன. ஆயினும் உறுப்பு கிடைப்பது வேறு. அதன் ஒலியைக் கேட்டே நோயறியும் செவி வாய்ப்பது வேறு. நின்றுபோன எஞ்சினைக் கொண்டு அந்தச் செவியைப் பழக்க இயலாது. விமானங்களைப் பறக்கவிட வேண்டும் என்போர் கூறும் காரணங்களுள் வலிமையானது இதுவே. காட்சிக் கூடத்தில் நிற்கும் விமானம் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. பறக்கும் விமானம் தொழிலையும் காப்பாற்றுகிறது.

இங்கே ஒரு தடை எழுகிறது. தாங்கியும் புதிது, மரமும் புதிது, துணியும் புதிது என்றால், பறப்பது பழைய விமானம்தானா? கிரேக்க அறிஞர் புளூட்டார்க் இதைப் போன்ற வினா ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் போற்றிக் காத்து, பழுதடைந்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர். இறுதியில் அது அதே கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்கள் வாதிட்டார்களாம்.

விமானத் துறையில் இது வெறும் வாதமாக நிற்பதில்லை. என் 3200 என்னும் எண்ணுடைய ஸ்பிட்ஃபயர் ஒன்று 1940 மே மாதத்தில், டன்கர்க் பின்வாங்கலின்போது, பிரான்சின் கலே நகருக்கு அருகே கடற்கரை மணலில் இறங்கியது. மணல் அதை மூடியது. 1986-இல் எஞ்சியவற்றைத் தோண்டி எடுத்தார்கள். 2014-இல் அவ்வெண்ணோடு ஒரு ஸ்பிட்ஃபயர் பறந்தது. 2015-இல் அது டக்ஸ்ஃபர்டில் உள்ள போர் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் உப்பு நீரில் கிடந்த உலோகத்தை அப்படியே பறக்கவிட எந்தப் பொறியாளரும் துணியார். ஆகவே பறப்பதில் பெரும்பகுதி புதியதாகவே இருக்க முடியும். அதன் எண்ணும் வரலாறும், எஞ்சிய உறுப்புகளும் பழையவை.

இதைப் பொய் என்று சொல்லலாமா? நான் அப்படிக் கருதவில்லை. ஓலைச்சுவடியின் ஆயுள் வரம்புக்கு உட்பட்டது. சங்கப் பாடல்களைப் பாடிய காலத்து ஓலை ஒன்றேனும் நம்மிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்து எழுதப்பட்ட ஏட்டின் வழியே அவை வந்து சேர்ந்தன. ஓலை புதிது, பாட்டு பழையது. எனினும் பெயர்த்து எழுதுவோன் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268 ஆகிய எண்ணுள்ள பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவர் நினைத்திருந்தால் அவ்விடங்களைத் தாமே இயற்றி நிரப்பியிருக்கலாம். புலமைக்கு அவரிடம் குறைவில்லை. நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டார். அந்தப் புள்ளிகளே மற்ற அடிகளின்மீது நமக்கு நம்பிக்கை தருகின்றன.

விமானத்துக்கும் அத்தகைய புள்ளிகள் வேண்டும். எந்த உறுப்பு பழையது, எது மாற்றப்பட்டது, எந்நாளில், எவர் கையால் என்பதை எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. பழுது பார்த்தலின் அறம் அக்குறிப்பேட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வண்ணப் பூச்சில் அது இல்லை.

இனி வேறொரு வகைப் பழுது பார்த்தலைச் சொல்ல விரும்புகிறேன். அதுவும் நம் நாட்டில் நடந்தது. லிபரேட்டர் என்பது நான்கு எஞ்சின்கள் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். 18,000-க்கும் மேல் செய்யப்பட்டது. போர் முடிந்தபோது, பிரிட்டிஷ் விமானப்படை இங்கே பயன்படுத்திய பல லிபரேட்டர்கள் கான்பூரில் குவிக்கப்பட்டன. மீண்டும் எவரும் பறக்கவிட இயலாதபடி அவற்றை வேண்டுமென்றே சிதைத்துவிட்டுச் சென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூருக்குச் சென்றனர். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்தனர். தலைமைச் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முழுமையாகப் பழுது பார்க்கப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் பணிக்கு வந்தன. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் ஐந்தாம் படைப்பிரிவு அவற்றைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1968 வரை அவை பறந்தன.

அந்தப் பொறியாளர்கள் பழமையைப் போற்றும் நோக்கத்தோடு அதைச் செய்தவர்களல்லர். நாட்டின் தேவைக்காகச் செய்தனர். ஆனால் விளைவைப் பாருங்கள். பிற நாடுகள் தம் லிபரேட்டர்களை உருக்கிவிட்டன. பணி ஓய்வு பெற்ற பின், இந்தியாவில் இருந்தவற்றைத் தேடி அந்நாடுகளே வந்தன. கனடா ஒன்றைப் பெற்றுக்கொண்டு லைசாண்டர் என்னும் பழைய விமானம் ஒன்றை மாற்றாகத் தந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று போயிற்று. 1974-இல் மற்றொன்று இங்கிலாந்துக்குப் பறந்து, இன்று அந்நாட்டு விமானப்படை அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. வேறொன்று இங்கிலாந்து வழியே அமெரிக்கா சென்று, 1989-இல் மீண்டும் பறந்து, பல்லாண்டுகள் நகரந்தோறும் காட்சி தந்தது. தில்லி பாலத்தில் உள்ள நம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது. சிதைத்துவிட்டுப் போனவர்கள் பின்னாளில் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்படி அவற்றைக் காத்துக் கொடுத்தவர்கள், பெங்களூரில் எண்ணெய்க் கறை படிந்த உடையோடு நின்ற நம் தொழிலாளர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த அருங்காட்சியகப் பலகையிலும் இல்லை.

பொருளுக்கும் தொழிலுக்கும் உரிய கடனை இதுவரை பேசினேன். மூன்றாவது கடன் ஒன்று உண்டு. அதுவே மிகக் கடினமானது. இவ்விமானங்கள் கொல்வதற்காகச் செய்யப்பட்டவை. ஆயுதம் ஒன்றை மெருகேற்றி அழகுறக் காட்டும்போது நாம் எதைக் காட்டுகிறோம்?

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறப்பாட்டு உங்கள் அனைவர்க்கும் நெஞ்சில் இருக்கும். அழகு செய்து காவலில் வைத்த ஆயுதங்களையும், போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் ஆயுதங்களையும் அவர் அருகருகே நிறுத்தினார். புகழ்வதுபோல் பழித்தார் என்று உரை கண்டவர்கள் கூறுவர். அப்பாட்டின் நோக்கம் அதியமானின் வீரத்தை நிலைநாட்டுவது, அது வேறு. ஆனால் மெருகேறிய ஆயுதம் தன் வரலாற்றை மறைக்கும் என்ற நுட்பம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விமானக் காட்சிகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அப்பாட்டு என் நினைவுக்கு வருகிறது.

லங்காஸ்டர் என்னும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 7,377 செய்யப்பட்டன, ஏறத்தாழப் பாதி போரிலேயே அழிந்தன. இன்று பறப்பவை இரண்டே. ஒன்று இங்கிலாந்திலும் மற்றொன்று கனடாவிலும் உள்ளன. 2014-இல் கனடாவின் விமானம் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்து, இரண்டும் இங்கிலாந்து வானில் சேர்ந்து பறந்தன. லிங்கன்ஷயரில் ஈஸ்ட் கிர்க்பி என்னும் பழைய விமானத் தளத்தில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை ஃப்ரெட், ஹெரால்ட் என்னும் பேன்ட்டன் சகோதரர்கள் 1983-இல் வாங்கினார்கள். அவர்கள் உழவர்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டஃபர், 1944 மார்ச் 30-ஆம் நாள் இரவு நூரம்பர்க் நகர்மீது நடந்த தாக்குதலில் மாண்டார். அந்த ஓர் இரவில் மட்டும் பிரிட்டன் 95 குண்டுவீச்சு விமானங்களை இழந்தது. அண்ணனின் நினைவாக அவர்கள் அவ்விமானத்தைத் தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினர். நான்கு எஞ்சின்களையும் முடுக்கி அதைத் தரையில் ஓட்டிக்காட்டி, வரும் வருவாயைக் கொண்டே அதைப் பழுது பார்க்கும் வழக்கம் அங்கே வளர்ந்தது.

குண்டுவீச்சுப் படையில் மாண்ட வீரர் 55,573 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களுக்காக ஒரு நடுகல் வேண்டுமெனில், பறக்கும் லங்காஸ்டரைக் காட்டிலும் பொருத்தமான நடுகல் வேறில்லை என்று அவர்தம் உறவினர் எண்ணுவதை நான் மதிக்கிறேன். ஆயினும் 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரில் எழுந்த தீப்புயலில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுக்கும் முன்பாகவே ராட்டர்டாமிலும் லண்டனிலும் காவன்ட்ரியிலும் ஜெர்மானியக் குண்டுகளுக்கு இரையானோர் பல்லாயிரவர். இருக்கையில் அமர்ந்தவனின் பெயர் பலகையில் இருக்கிறது. கீழே அடித்தள அறையில் மூச்சடைத்து மாண்ட குழந்தையின் பெயர் இல்லை. அதே மெர்லின் ஓசை ஒருவர்க்கு விடுதலையின் ஓசை. மற்றொருவர்க்கு மரணத்தின் ஓசை. நடுகல் என்றால் இரு கரையும் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு மாற்று வழியையும் சொல்ல வேண்டும். 2013 ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பால், கடலடி மணலிலிருந்து ஒரு ஜெர்மானிய விமானத்தைத் தூக்கி எடுத்தார்கள். டார்னியர் 17 என்னும் அவ்வினத்தில் முழு உருவத்தோடு எஞ்சியது அது ஒன்றே. அதை அவர்கள் புதுப்பிக்கவில்லை. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தைக் கலந்த நீரைப் பல மாதங்கள் அதன்மேல் தெளித்து, கடல் உப்பை நீக்கி, அரிப்பை நிறுத்தும் பணியை மட்டும் செய்தார்கள். வளைந்த விசிறியும் துளைபட்ட தகடும் அப்படியே விடப்பட்டன. ஒன்றே ஒன்றாக எஞ்சியதைப் புதிதாக்கினால், எஞ்சிய ஒன்றையும் இழந்துவிடுவோம் என்று அவர்கள் உணர்ந்தார்கள். முறிந்த வேல் கொல்லன் பட்டறைக்கும் போகாமல், முறிந்தபடியே அவைக்கு வந்து நிற்கிறது.

இறுதியாக, உயிரின் விலையைப் பற்றி. 2019 அக்டோபர் 2-ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பி-17 என்னும் பழைய குண்டுவீச்சு விமானம் கட்டணம் செலுத்திய பயணிகளோடு எழுந்தது. ஓர் எஞ்சின் வலிமை குன்றவே உடனே திரும்பியது; ஓடுதளத்தை அடையுமுன் தரையில் மோதித் தீப்பற்றியது. விமானிகள் இருவரும் பயணிகள் ஐவரும் மாண்டனர். எஞ்சின் நின்றபின் விமானத்தின் வேகத்தையும் நிலையையும் விமானி சரிவரக் கையாளவில்லை என்றும், பராமரிப்புக் குறைவும் அதற்குத் துணைக்காரணம் என்றும் விசாரணை கண்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவ்விமானம் 'நைன் ஓ நைன்' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. அப்பெயருக்கு உரிய விமானம் 140 முறை போருக்குச் சென்று திரும்பி, போர் முடிந்தபின் உடைக்கப்பட்டுவிட்டது. விழுந்தது அதன் வேடம் பூண்ட வேறொன்று.

2022 நவம்பர் 12-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில், விமானக் காட்சி ஒன்றில், மற்றொரு பி-17 மீது கிங்கோப்ரா என்னும் சண்டை விமானம் மோதியது. ஆறு பேர் மாண்டனர். இரு விமானங்களையும் வானில் விலக்கிவைக்கும் திட்டம் முன்கூட்டியே முறையாக வகுக்கப்படவில்லை என்பது விசாரணையின் முடிவு. 2024 மே 25-ஆம் நாள், இங்கிலாந்து விமானப்படையின் நினைவுப் பிரிவைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று லிங்கன்ஷயரில் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பில் பறந்து, போரில் தப்பிய விமானம் அது.

ஐந்தாண்டுக் காலத்துக்குள் நிகழ்ந்த இம்மூன்றில் மட்டும் பதினான்கு உயிர்கள். இவர்களை எந்தப் பகைவனும் கொல்லவில்லை. நினைவைப் போற்றும் பணியில் மாண்டார்கள். இதைக் காட்டி, எல்லா விமானங்களையும் தரையிலேயே நிறுத்துங்கள் என்போர் உண்டு. தன் விருப்பத்தோடும் முழு அறிவோடும் விமானி ஏற்கும் ஆபத்தை நாம் தடுக்க உரிமையில்லை என்போரும் உண்டு. நான் இருவருக்கும் இடையே நழுவிச் செல்ல விரும்பவில்லை. என் முடிவை நான்காகச் சொல்கிறேன்.

ஓர் இனத்தில் பல எஞ்சியிருந்தால், அவற்றுள் சில பறக்கட்டும். தொழில் மறையாமல் இருக்க அது வேண்டும். ஒன்றே எஞ்சியதைப் பறக்கவிடுதல் தகாது. அது எவர் பணத்தில் வாங்கப்பட்டதாயினும், வரப்போகும் தலைமுறையின் உடைமை. இரண்டாவது, எது பழையது, எது புதியது, எது வேறொன்றின் பெயரைத் தாங்கியது என்பது பார்ப்போர் அனைவருக்கும் தெரியும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஆபத்தை ஏற்கும் உரிமை அதை அளந்தறிய வல்லவனுக்கே உரியது. ஒரு நாள் மகிழ்ச்சிக்காகச் சீட்டு வாங்கும் பயணி எஞ்சினின் குறிப்பேட்டைப் படிக்க வல்லவனல்லன். ஆகவே அவனைத் தரையில் ஓடும் விமானத்தில் ஏற்றுவது போதும்; ஈஸ்ட் கிர்க்பி அதற்கு வழி காட்டியிருக்கிறது. நான்காவது, அவ்விமானம் எதைச் செய்தது என்பதை, கீழே இருந்தவர்களின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நான்கும் இல்லாத பழுது பார்த்தலை, தொண்டைமானின் கொட்டிலில் நடந்த அலங்காரத்தின் வரிசையில்தான் வைக்க முடியும்.

அன்பர்களே, இப்பத்தாண்டு மலரில் மறைந்த உறுப்பினர்களின் கவிதைகளையும், வட்டத்தின் தொடக்க நாள்களில் படிக்கப்பட்ட கவிதைகளையும் மறுபதிப்புச் செய்யப்போவதாகச் செயலாளர் கூறினார். மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவற்றுள் சில கையெழுத்துத் தாள்கள் கிழிந்துள்ளன என்றும், சில அடிகள் படிக்க இயலாதபடி மங்கியுள்ளன என்றும் அறிகிறேன். நம்மிடையே யாப்பு வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு சீரையோ ஓர் அடியையோ அழகாக நிரப்பிவிட அவர்களால் இயலும். எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்டுத் திருத்துங்கள். திருத்தியதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். இல்லாதவர்களின் அடிகளில் மங்கிய இடத்துக்குப் புள்ளியிடுங்கள். கவிதைகளை இதழில் அடைத்து வைப்பதோடு நில்லாமல், மாதக் கூட்டங்களில் வாய்விட்டுப் படியுங்கள். ஓசை அப்போதுதான் அடுத்தவர் செவிக்குப் போகும்.